ஜெபக் குறிப்பு எடுக்கப் போனவள்

சிங்கப்பூர், 1957 மே 4, சனி

இன்று ஒரே நடையில் ஒன்பது வீடு. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்த நாள் முதல் என் காலுக்கும் ஓய்வில்லை, வாய்க்கும் ஓய்வில்லை. வம்பு பேசினால் பாவம். "இந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கணும்" என்று தொடங்கிவிட்டால் அதுவே ஊழியம். மங்களத்தின் மாமியார் கோபித்துக்கொண்டு பொங்கோலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதை நேற்றுக் கூட்டத்தில் எவ்வளவு உருக்கமாகச் சொன்னேன்! நாலு பேர் அழுதார்கள். இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் மீதியைக் கேட்டார்கள்.

ஊரெல்லாம் ஏதோ புதுக் காய்ச்சல் பற்றியே பேச்சு. ஹாங்காங்கிலிருந்து வந்ததாம். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

மே 8, புதன்

ஒரு பக்கம் மூன்று பக்கமாகிவிட்டது. தஞ்சோங் பகாரில் இவர் வேலை செய்யும் துறைமுக ஆபீசில் பாதி நாற்காலி காலி. சிராங்கூன் ரோட்டு டாக்டரிடம் நிற்கும் வரிசை பூக்கடையையும் தாண்டிப் போகிறது. கடைகளில் கோடாலித் தைலம் தீர்ந்துவிட்டது. போதகர் வீட்டுக் கூட்டங்களை நிறுத்திவிட்டார். உடம்பு சரியில்லாதவர்கள் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது யார்? நான்தான்.

மே 10, வெள்ளி

காலையிலேயே தொண்டையில் முள். நெற்றி சூடு. அடுப்படி வெக்கை என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. பூவம்மா மகனுக்குப் பேசி வைத்த சம்பந்தம் முறிந்துபோன கதை முழுசாக என் கைக்கு வந்திருந்தது. வள்ளிநாயகி இன்னும் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒருத்தி பேசாமல் வீட்டில் படுத்துக்கொள்ள முடியுமா?

வள்ளிநாயகி யாழ்ப்பாணத்துப் பெண். நோரிஸ் ரோட்டில் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் காத்திருந்து இப்போதுதான் எட்டு மாசம். அவள் கணவர் பேரின்பநாயகம் பள்ளிக்கூட வாத்தியார். அந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தலையணை சரிசெய்வதே வேலை. நான் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே தட்டில் முறுக்கு எடுத்துக் கடித்து, நடுநடுவே இருமிக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள். மிளகாய் இடித்த கமறல் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். காய்ச்சல் என்றால் என்னை அனுப்பிவிடுவாள். கதை பாதியில் நின்றுவிடும்.

மே 11

நூற்று மூன்று. எழுத்து கோணுகிறது.

மே 14, செவ்வாய்

எழுந்து உட்கார்ந்தேன். இவர் கஞ்சியை வைத்துவிட்டு, "எஸ்தர், வாத்தியார் சம்சாரம் படுத்துட்டா. ஞாயித்துக்கெழமைலேர்ந்து சுரமாம். மூச்சு வாங்குதாம்" என்றார். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர் மூன்று வாக்கியம் பேசியதே எனக்குப் பயமாயிருந்தது.

பதினொரு வருஷம் — அந்தப் புள்ளைக்காக அவ பதினொரு வருஷம் காத்துக்கெடந்தா. நான் போயி முறுக்குத் தின்னு இருமிட்டு வந்திருக்கேன். யார்கிட்ட சொல்லுவேன் இதை. ஊரு சேதியெல்லாம் சொல்லத் தெரியுது, இதைச் சொல்ல வாய் வரலியே —

மே 16, வியாழன்

காய்ச்சல் விட்டது, பயம் விடவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. யாராவது மாடிப்படி ஏறி வந்தால், அவள் போய்விட்டாள் என்று சொல்லத்தான் வருகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பகல் பதினொரு மணிக்குக் குழாயடியில் துணி அலசிக்கொண்டே ஜெபிக்கத் தொடங்கினேன். ஆண்டவரே, வள்ளிநாயகிக்குச் சுரம், வாத்தியார் லீவில் இருக்கிறார், அவருடைய தங்கை மலாக்காவிலிருந்து உதவிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாளாம், அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு —

அங்கே நின்றுவிட்டேன். ஆண்டவரிடமே வம்பு பேசிக்கொண்டிருக்கிறேன்! இத்தனை வருஷமும் ஊரார் சங்கதியை அவரிடம் சுமந்துபோயிருக்கிறேன். அதில் என் சங்கதி ஒரு நாளும் இருந்ததில்லை.

சோப்புக் கையோடு ஈரத்தரையில் உட்கார்ந்தேன். "நான்தான் கொண்டு போனேன். தெரிஞ்சேதான் போனேன்" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. எனக்கு!

எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கதை சொல்லிப் பழகியவள் நான் — சிரிக்கிறாரா, வாயைப் பிளக்கிறாரா என்று. இன்று பார்க்கத் தோன்றவில்லை. ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தெரிந்தது என்றுதான் எழுத முடிகிறது. வள்ளிநாயகி பிழைப்பாளா என்று இன்னும் தெரியாது. ஆனாலும் நெஞ்சு அடிப்பது நின்றுவிட்டது. இயேசு ராஜாவே, நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக உம்மிடம் பேசினேன்!

எழுந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். உடம்பெல்லாம் ஒரே பரபரப்பு. நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மே 17, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆனால் மாடிக்கு ஏறக்கூடாதே, தெருவில் நின்று கூப்பிட்டேன். வாத்தியார் ஜன்னலுக்கு வந்தார். என் குரல்தான் தெரியுமே. சலவைக்காரர், பால்காரர், கீழே கடையில் நின்றவர்கள் எல்லாரும் சபையாகக் கூடிவிட்டார்கள். அன்றைக்கே எனக்குக் காய்ச்சல், மிளகாய்க் கமறல் என்றது பொய் என்று கத்தினேன்.

"தெரிஞ்சுகொண்டே வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"தெரிஞ்சேதான் வாத்தியாரே."

திட்டியிருக்கலாம். அவர் ஜன்னலைச் சாத்தினார் — மிக மெதுவாக, உள்ளே தூங்குகிறவள் விழித்துவிடாதபடி. அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வழியெல்லாம் அழுதேன். ஆனால் ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை.

மே 19, ஞாயிறு

ஆராதனையில் என் பெஞ்சில் நான் மட்டும். எனக்கு முன்னே என் சேதி கோயிலுக்குப் போய்விட்டது! நான் வள்ளிநாயகியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததாக ஒரு கதை. மயங்கி அவள்மேலேயே விழுந்ததாக இன்னொன்று. அது நன்றாக இருந்தது, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மங்களம் நாலு பெஞ்சு தள்ளி நின்றபடி, "அக்கா, உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றாள். அதற்கு அர்த்தம் எனக்கா தெரியாது? கோயிலுக்குள்ளேயே சிரித்துவிட்டேன். நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

மே 23, வியாழன்

ஒரு மாசம் முந்தியே வலி கண்டுவிட்டதாம். சுரத்தோடே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இவர் அதைச் சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் முழங்காலில் நின்றோம். அன்று குழாயடியில் உட்கார்ந்தவர் இங்கேயும் இருந்தார்.

மே 24, வெள்ளி

நடுப்பகலில் வாத்தியார் வந்தார்! தலை சீவவில்லை, சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. வாசலிலேயே நின்றார்.

"பொம்பிளைப் பிள்ளை. நாலே முக்கால் ராத்தல். தாய்க்குச் சுரம் விட்டிட்டுது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. பதினேழு வீடு! ஒவ்வொன்றிலும் வாசலுக்கு வெளியே நின்றே கத்தினேன். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, கர்த்தர் சாட்சி.

ஜூன் 22, சனி

வள்ளிநாயகி வரச்சொல்லி அனுப்பியிருந்தாள். இளைத்துப் பாதியாகியிருக்கிறாள். நான் கதவருகிலேயே உட்கார்ந்தேன். அவள் தூங்கும் பிள்ளையின் துணியை இழுத்து விட்டாள். பிறகு, "அண்டைக்கு ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்?" என்றாள்.

"நீ சிரிக்கிறதைப் பார்க்காம போக மனசில்ல" என்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "இப்ப இருமல் இல்லைத்தானே?"

இல்லை என்றேன். வேறெதுவும் கேட்காமல் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.