எடுத்தாச்சு

27 ஜனவரி 2025, திங்கள்

இன்று மட்டும் எழுபத்திரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டை ரிஜெக்ட். சூளையில் என்ன கோளாறோ, ஒவ்வொன்றிலும் மயிரிழை விரிசல். முதலாளி என்னைப் பார்த்துக் கத்துகிறார். நான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து தட்டிப் பார்க்கிறவள். சூளையை நானா எரித்தேன்?

மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்து டேபிள் நீலாவதி செல்லை நீட்டினாள். "டெய்சிக்கா, இது உங்க தம்பிதான?" முதுகில் கேஸ் சிலிண்டர் சைஸுக்கு ஒரு மூட்டை, மூஞ்சி முழுக்கத் தாடி, பின்னால் ஏதோ பனிமலை. ஜெர்மனியில் வேலையை விட்டுவிட்டு ஏழு மாதமாக நாடு நாடாகச் சுற்றுகிறானாம். ஊருக்கு ஊர் நின்று பல்லைக் காட்டிப் படம் போடுகிறான். முப்பத்தாறு வயசு. "குடுத்து வெச்சவருதான்க்கா" என்றாள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ். "அக்கா, வளன். அடுத்த வாரம் மெட்ராஸ் வரேன். செவ்வாக்கெழம விருத்தாசலம். அம்மா வேணாம்னு சொன்னாலும் பரவால்ல. வாசல்ல நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

அவனுடைய பழைய நம்பரை பிளாக் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் சுற்றுகிறவனுக்கு நம்பருக்கா பஞ்சம்?

28 ஜனவரி

பதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

30 ஜனவரி, வியாழன்

பயமா எனக்கு? ஆமாம், பயம்தான். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

அப்பா செத்தது 2023 ஜனவரி பதினொன்று. அதற்கு முன்னால் மூன்று மாதம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, வாரம் இரண்டு டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிப்போய் பஸ்ஸில் கூட்டிவந்தவள் நான். கையில் ஊசி ஏறும்போதெல்லாம் அப்பா கேட்பார், "வளன் எப்ப வரான்?" அவனிடம் கேட்டால் "அடுத்த மாசம்க்கா, புராஜெக்ட்டு முடியணும்." இப்படியே மூன்று அடுத்த மாசம். நாலாவது மாசம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் கோயில் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். சாவு விழுந்தால் பிரீசரில் வைத்துக் காத்திருப்பார்கள். பிள்ளை வந்து முகம் பார்க்கிறவரை சவப்பெட்டியை மூடமாட்டார்கள். இரண்டு நாளோ மூன்று நாளோ, எந்த வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மறுநாளே மூடினோம். "வளன் போன் பண்ணான். டிக்கெட் கெடைக்கலயாம். காத்திருக்க வேணாம், எடுத்துடச் சொல்லிட்டான்" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது நான். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. கிளம்பி வந்துகொண்டிருந்தான். அவன் போன் செய்தபோது அவனிடம் வேறு சொன்னேன்: "எடுத்தாச்சு. அம்மா இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேங்குது. திரும்பிப் போயிடு." அம்மாவும் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த இரண்டு பேச்சால்தான் இரண்டு வருஷமாக அம்மாவும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்காரப் போகிறார்கள். ஐந்து நிமிஷம் பேசினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் இந்த வீட்டில் நான் யார்?

ஆனாலும் கேட்கிறேன் — மூன்று மாசம் உயிரோடு இருந்தவரைப் பார்க்க வராதவன், செத்த முகத்தைப் பார்க்க மட்டும் எப்படி ஓடி வந்தான்? அதற்கு மட்டும் புராஜெக்ட் இல்லையா? அன்றைக்கும் எனக்கு இதுதான் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்து அவன் திடீரென்று வந்து நின்றால் அதைவிட மோசம். அம்மா துரத்திவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "வரட்டும். வூடு தேடி வரவங்களுக்கு சோறு போடாம அனுப்பற வழக்கம் நமக்கில்ல."

4 பிப்ரவரி, செவ்வாய்

வந்துவிட்டான். நான் லீவு போட்டேன். இரண்டு பேரையும் தனியாக விட முடியுமா?

ஜங்ஷனிலிருந்து ஆட்டோ. மூட்டையை இறக்க ஆட்டோக்காரரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. படத்தில் தெரிந்ததைவிட இளைத்திருக்கிறான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா முன்னால் தலையைக் குனிந்தான். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் போனாலும் அம்மா நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவாள். அவன் குனிந்தபடியே நின்றான். அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வாங்க. பயணமெல்லாம் சௌரியமா இருந்துச்சுங்களா? உக்காருங்க."

பெத்த பிள்ளைக்கு வாங்க போங்க! அவன் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன், எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது.

மீன்குழம்பு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அம்மா உபசரித்ததில் அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

5 பிப்ரவரி

இன்றும் லீவு. ஆனாலும் நடந்துவிட்டது.

காலையில் அவன் சுவரில் இருக்கும் அப்பா போட்டோ முன்னால் நின்று அழுதான். அம்மா பின்னாலேயே வந்தாள். "அழாதீங்க. அன்னைக்கி காத்திருக்க வேணாம், எடுத்துடுங்கன்னு சொன்னவரு நீங்க. இப்ப எதுக்கு அழுவறீங்க?"

அவன் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். இதோ சொல்லப் போகிறான், இதோ —

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். தப்புதான்."

அவ்வளவுதான். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஏன் சொன்னான் அப்படி? என்ன கணக்கு போடுகிறான்?

6 பிப்ரவரி, வியாழன்

வேலைக்குப் போனேன். மத்தியானம் கம்பெனி கேட்டில் வந்து நிற்கிறான். நீலாவதி வேறு பல்லை இளித்துக்கொண்டு "அண்ணே, ஒரு செல்பி" என்கிறாள். அவளை அனுப்பிவிட்டு உடைசல் பீங்கான் கொட்டிக் கிடக்கும் சுவரோரம் போய் நின்றோம்.

"சொல்லித் தொலைய வேண்டிதானடா? எதுக்கு நாடகம்?" என்றேன்.

"சொன்னா உனக்கு யாரு இருக்காக்கா? எனக்கு போறதுக்கு ஊர் ஊரா இருக்குது. உனக்கு அந்த ஒரு வூடுதான இருக்குது."

பாவப்படுகிறான்! ஊர் சுற்றி எனக்குப் பிச்சை போடுகிறான்! ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. மூத்திரப் பை மாற்றியவள் நான், கால் அமுக்கியவள் நான், இந்தக் கம்பெனிக்கு அரை சம்பளத்தில் ஓடியவள் நான். இவன் வந்து பெருந்தன்மை காட்டிவிட்டுப் போவானா? எல்லாவற்றையும் கத்தினேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அவன் கத்தவில்லை. "நான் வராதது தப்புதான்க்கா. வேலை போயிடும்னு பயந்தேன். அந்த வேலையே வேணாம்னு இப்ப விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னைக்கி நான் உளுந்தூர்பேட்டை டோல்கேட்லேந்து போன் பண்ணப்ப, நெஜமாவே எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

"சரி" என்றான்.

எடுத்தாச்சு. இங்கேயும் எழுதிவிட்டேன். போதுமா?

8 பிப்ரவரி, சனி

கிளம்பிவிட்டான். மெட்ராஸ் போய்ப் பிளேனில் இலங்கை, அங்கே ஒரு மாதத்துக்கு மேல், அப்புறம் மலேசியாவாம். அம்மா முன்னால் மறுபடி குனிந்தான். "போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. கை வெளியே வரவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

9 பிப்ரவரி

ஜெயித்துவிட்டேன். அவன் படுத்த பாயைத் துவைத்துப் போட்டேன்.

5 மார்ச், புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலம் ஆரம்பம். அம்மா நச்சரித்ததால் கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஞாயிறு பூசைக்கு இரண்டு தடவை லேட். நீலாவதியைத் திட்டினேன். முதலாளிக்கு சாபம் விட்டேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் சொன்ன லிஸ்டுக்கு அதுவே அதிகம்.

19 மார்ச்

அவன் போனதிலிருந்து அம்மா சரியில்லை. முன்பு அவனைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். இப்போது ஒரு நாளுக்குப் பத்து தடவை பேசுகிறாள். "பாத்தியா, வாய் கூசாம நான்தான் சொன்னேங்குறான். ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா? பிளேன் நின்னுபோச்சு, ரோட்டுல மறியல்னு என்னாச்சும் ஒண்ணு? மன்னிச்சிருப்பேன்." சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள்.

11 ஏப்ரல், வெள்ளி

அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். வேலையிலிருந்து வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டெய்சி, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்குச் சொல்லாத. பிரீசர் வேணாம், காத்திருக்க வேணாம். அப்பாவுக்குப் பண்ண மாதிரியே மறுநாளே பெட்டிய மூடிடு. நீ ஒருத்தி போதும் எனக்கு. சத்தியம் பண்ணு."

கை சுட்டது. நான் சத்தியம் செய்யவில்லை. "மாத்திரை போடு மொதல்ல" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுபடியுமா? அதே பெட்டி, அதே கூடம், மறுபடியும் நானா மூட வேண்டும்? இந்தத் தடவை நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள்.

முடியாது. என்னால முடியாது சாமி.

12 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா கஞ்சி குடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். வளன் எடுக்கச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அம்மா மூஞ்சியில் முழிக்கமாட்டாள் என்று அவனிடம் சொன்னதும் நான் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அவன் டோல்கேட்டிலிருந்து போன் செய்தது மூன்றரை மணிக்கு. நாங்கள் எடுத்தது நாலரைக்கு. நான் கொல்லைப்பக்கம் போய் நின்று "எடுத்தாச்சு" என்று சொன்னபோது பெட்டி கூடத்தில் திறந்துதான் இருந்தது. ஜன்னல் வழியாக அப்பாவின் கால் தெரிந்தது. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி தெரிந்தது. அவனுக்கு அரை மணி நேர வழி. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாமல் ஏய்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அம்மா அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "மூணரைக்கா?" என்றாள். "ஆமா" என்றேன். "பாதிரியாரு வந்ததே நாலு மணிக்குத்தான?" என்றாள். "ஆமா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

அம்மா எழுந்து, தானே குளித்து, என்னை விட்டுவிட்டு பூசைக்குப் போனாள். வந்ததும் ஒரே வார்த்தை: "நம்பரு." அவன் நம்பருக்கு நானே போட்டு செல்லைக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். "எஞ்சாமி, எஞ்சாமி" என்பது மட்டும் வெளியே கேட்டது.

நான் வெயிலில் துணி காயப்போட்டேன். காய்ந்திருந்ததையும் நனைத்துப் போட்டேன்.

20 ஏப்ரல்

ஈஸ்டர். அவனிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை இல்லை. திட்டியாவது தொலைக்கலாம்.

28 ஏப்ரல், திங்கள்

அம்மா மலேசியா போகிறாள். அறுபத்தெட்டு வயசு. வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லை, பிளேனை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவனுடைய சுற்றலில் இரண்டு மாதம் கூட இருக்கப் போகிறாளாம். "அப்புறம்?" என்று கேட்டேன். பீரோவைத் திறந்து துணி எடுத்து வைத்தாள். இந்தப் பதினாறு நாளில் எனக்கு என்று வந்த பேச்சு, உப்பு எங்கே, ஆதார் எங்கே, இவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டுக்கு எழுத பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நான்தான் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் பேர் தென்றல், நல்ல பொறுமை. அம்மா பெயர் இஞ்ஞாசியம்மாள் என்பதை இங்கிலீஷில் அடிக்க மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

"பாட்டி, அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? பேரு, நம்பரு சொல்லுங்க."

"எம்மவன். வளன்."

"எங்க இருக்காரு?"

"மலேசியால."

"அதான் நீங்களே அங்க போறீங்களே பாட்டி. உள்ளூர்ல யாராச்சும் சொல்லுங்க."

அம்மா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளூர்ல எனக்கு யாரும் இல்ல பாப்பா."

தென்றல் அம்மாவைப் பார்த்தாள், பக்கத்து நாற்காலியில் ரேஷன் கார்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அவங்க சொன்னதையே போடும்மா" என்றேன். அவன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நான்தான் சொன்னேன்.