ஒரே ஃப்ரீசர், ரெண்டு பெட்டி

தோழின்னு ஆரம்பிக்கக் கை வரமாட்டேங்குது. அதனால, அடியே,

குழந்தைக்குக் காய்ச்சல்னு நான் லீவுல இருந்தப்போ நம்ம ஆய்வகத்துக்குப் புதுசா ஒரு புரதம் வந்துச்சு. பாக்டீரியாவுக்குள்ள செஞ்செடுத்த மனிதப் புரதம், செல்களைச் சாகடிக்கிறது. அதை டியூப் டியூபா பிரிச்சு, என் பங்கை ஃப்ரீசர்ல என் பெட்டியில நீதான் வெச்ச. எட்டு மாசம் அதைத்தான் செல்கள் மேல ஊத்தினேன். ஒரு செல்லும் சாகல.

"உன் கைராசி அப்படிடி, நீ தொட்டா எதுவும் சாகாது"ன்னு சிரிச்ச. நானும் சிரிச்சேன். ஆய்வகத் தலைவர் என் ஆராய்ச்சியைத் தூக்கி உன்கிட்ட கொடுத்தப்போ, "பாவம் சார், அவ மேல தப்பில்ல"ன்னு நீ பேசினதைக் கேட்டு அழுதுட்டேன்.

நோட்டுல எழுதாம நீ எதையும் செய்யமாட்ட, பழக்கதோஷம். நேத்து உன் பழைய நோட்டைப் புரட்டினேன். "கொதிக்க வெச்சது, இருபது டியூப்." கொதிக்க வெச்சா அந்தப் புரதம் செத்த பாம்பு. வேலை செய்யாததையும் ஊத்தி ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு டியூப் போதும். என் பெட்டியில நீ வெச்சது இருபது.

உடனே உன் பெட்டியிலிருந்து ஒரு டியூப் எடுத்து ஊத்தினேன். இன்னிக்குக் காலையில பார்த்தா, ஒரு செல்கூட உயிரோட இல்ல.

என் கைராசிக்கு ஒரு குறையும் இல்லடி.

இப்படிக்கு,
பக்கத்து மேஜைக்காரி