அண்ணன் இறுக்கிவிட்டுப் போன பில்டர்

வியாழன்

கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். வெயில் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் பொய்யன். ஆறு மாதத்தில் வருகிறேன் என்று கட்டாருக்குப் போனவன், இது மூன்றாவது வருடம். இப்போது வேனை விற்கச் சொல்கிறான். போலந்துக்குப் போக ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்ட வேண்டுமாம். வேனும் போய்விட்டால் அவன் திரும்பி வந்து செய்ய இங்கே ஒரு தொழிலும் இல்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசுவதில்லை.

வாங்குகிற ஆட்கள் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஞாயிறு வருகிறார்கள். கறுத்த எஞ்சின் ஒயிலைக் கண்டால் விலையைக் குறைப்பார்கள், மாற்றிவை என்று போனில் அண்ணனின் உத்தரவு.

இன்று செய்தது:
ஜக் வைத்தது. சில்லுக்குக் கல் கொடுத்தது.
அடி நட் கழன்றது. ஒயில் தார் போல. பழைய பேசனில் பிடித்து வைத்திருக்கிறேன், அடுத்த வளவு மாமா கேட்டவர். வேலிக்கட்டைக்குப் பூசினால் கறையான் ஏறாதாம்.
ஒயில் பில்டர் எவ்வளவு திருப்பியும் கிறுகவே இல்லை. துணி சுற்றிப் பார்த்தேன், மண்பேப்பர் சுற்றிப் பார்த்தேன். என் உள்ளங்கைத் தோல்தான் கிறுகியது.

முன்பெல்லாம் வேனுக்கு அடியில் இதே சாக்கை விரித்து அண்ணனும் நானும் படுத்திருப்போம். புது பில்டரின் றப்பர் வளையத்தில் ஒயில் தடவுவது என் வேலை. "விரலால தடவு, கையால இறுக்கு. ஸ்பானர் சாவி வைக்கிறவன் மடையன்" என்பான். முகத்தில் ஒரு சொட்டு விழும். துடைக்கமாட்டான். அப்படியே போய் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்பான், அவ ஏச வேண்டும் என்றே.

வெள்ளி

அம்மா கோயிலுக்கு. நான் வண்டிக்கு அடியில்.

அலுமாரியில் கிடந்த அண்ணனின் தோல் பெல்ட்டை பில்டரில் வளைத்து இழுத்தேன். அறுந்தது. நல்லது. பிறகு சைக்கிள் செயின். தகரம் நசுங்கியது, அவ்வளவுதான்.

மாமா ஒயில் எடுக்க வந்தார். வேலிக்கு மேலால் முதலில் புத்தி. "தங்கச்சி, அது ஆம்புளக் கை இறுக்கினது. உன்னால ஒண்ணாது." அப்ப வாங்க மாமா, கழட்டுங்க என்றேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நுழைந்தார். முனகல் கேட்டது. பிறகு கெட்ட வார்த்தை. வெளியே வந்தபோது நெற்றி முழுக்க ஒயில். இதுக்கு எண்டு ஒரு சாமான் இருக்கு, அது இல்லாம ஒருத்தராலயும் ஏலாது என்று சொல்லிவிட்டு பேசனோடு போனார். பேசனைத் திருப்பித் தரவில்லை.

பின்னேரம், வேனுக்கு ஆள் பிடித்த தரகர் எட்டிப்பார்த்தார். அம்மா அப்போதுதான் கோயிலால் வந்தவ, நெற்றியில் ஈரத் திருநீறு. தரகர் கேட்காமலே அம்மா சொன்னா: "எஞ்சின் சரியில்ல தம்பி. வெள்ளப் புகை தள்ளுது. வாங்கிப்போட்டு மறுகா எங்கள ஏசக்கூடா." ஒரு புகையும் இல்லை. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. தரகர் என்னைப் பார்த்தார். நான் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேனில் கடைசியாக எல்லாரும் போனது பாசிக்குடாக் கடற்கரைக்கு. அம்மா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு கையில், தண்ணீருக்குள் நடந்துகொண்டே இருந்தா. அவ்வளவு தூரம் போயும் முழங்கால்தான். சின்னப் பிள்ளை போல் திரும்பித் திரும்பிச் சிரித்தா. பிறகு மணலில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்க, ஒரு காவலாளி வந்து ஹோட்டல் ஆட்களுக்கு மட்டும் என்று எழுப்பினான். அண்ணன் அதே ஹோட்டலுக்குத்தான் ஆள் ஏற்றி ஓடினவன். பார்சலைத் திரும்பச் சுற்றினான். வெள்ளைக்காரர் வரவு குறைந்ததும் அந்த ஹோட்டல் போனில் சொன்னது, நாளைக்கு வராதே. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட ஒருவனும் இல்லை. கடலும் எங்கள் ஊர்க் கடல்.

சனி

காற்று விட்டுவிட்டது. புழுக்கம். ஆற்றுப் பக்கமிருந்து சேற்று மணம்.

நீட்டு ஸ்குரூ டிரைவரை பில்டருக்குள் அடித்து இறக்கி, அதைப் பிடித்துத் திருப்பினேன். தகரம் கிழிந்துகொண்டு வந்தது. அடித்தட்டு மட்டும் எஞ்சினோடு ஒட்டியபடி.

கண்ணீர் வந்தது. ஆத்திரத்தில். எழுதிவைக்கிறேன்.

பிளேனுக்கு முதல் நாள் இதை அவன் இறுக்கியது ஞாபகம் வந்தது. கையால் இல்லை. வேன் திருத்துகிற கராச்சில் செயின் சாவி இரவல் வாங்கி வந்து, சில்லில் காலை உதைத்துக்கொண்டு. சாவி வைக்கிறவன் மடையன் எண்டு நீதானே சொன்னாய் என்றேன். "நான் வாற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகக்கூடா. வந்து நானே கழட்டுவன்."

பொய் சொல்லுகிறவன் இப்படி இறுக்கமாட்டான். அன்றைக்கு அவன் வரத்தான் நினைத்திருக்கிறான்.

அம்மா டோர்ச்சோடு வந்து குந்தினா. கிழிந்த தகரத்தைப் பார்த்தா.

"விடு மகள். கிடக்கட்டும். அவன் வந்து கழட்டட்டும்."

மூன்று வருடத்தில் இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சுத்தியல் கையிலேயே நின்றது. இப்படியே விட்டால் இரும்பு கறள் பிடிக்கும் அம்மா, பிறகு அவன் வந்தாலும் உதவாது என்றேன். அவ டோர்ச்சைக் கிட்டப் பிடித்தா.

அடித்தட்டின் விளிம்பில் உளியை வைத்து, கழலுகிற பக்கமாகத் தட்டினேன். தட்டித் தட்டி, மயிரளவு கிறுகியது. பிறகு விரலாலேயே வந்துவிட்டது. றப்பர் வளையம் கருகி எஞ்சினில் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

புதுசின் வளையத்தில் ஒயில் தடவியது அம்மா. நான் சொல்லவில்லை, தானாக விரலை விட்டா. நான் இறுக்கினேன். கையால் மட்டும்.

ஞாயிறு

காலை அடி நட்டைப் பூட்டி, புது ஒயில் ஊற்றி, ஆற்றங்கரை வரை ஓட்டிப் பார்த்தேன். முதன்முதல் அண்ணன் எனக்குப் பழக்கிய பாதை. நான் வேனைப் புதைத்த மணல் இன்னும் அப்படியே. அன்று தள்ளிவிட்டுச் சிரித்தே விழுந்தவன். திரும்பி வந்து கீழே காகிதம் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

ஆட்கள் வந்தார்கள். விற்கவில்லை என்றேன். தரகருக்குக் கோபம். பொம்புளயள் மட்டும் இருக்கிற வீட்டில யாவாரம் பேசினது தன்ட பிழையாம். அம்மா அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. சீனி கூடப் போட்டு.

எங்கள் ஒழுங்கையிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் தையல் வேலைக்குப் பொம்பிளைப் பிள்ளைகள் பஸ்ஸில் நசுங்கிப் போகிறார்கள். நாளை அவர்களிடம் பேச வேண்டும். அவர்களை ஏற்றி நானே ஓடுவேன்.

அண்ணனுக்கு வொய்ஸ் அனுப்பினேன்:

"நீ இறுக்கினதக் கழட்டிட்டன். வேன விக்கமாட்டன், நான் ஓடப்போறன். போலந்துக் கதைய நிப்பாட்டு. அடுத்த ஒயில் மாத்துறது உன்ட வேல. எந்த மாசம் வாறாய் எண்டு அம்மாவுக்குச் சொல்லு."

மத்தியானமே அதைக் கேட்டுவிட்டான். எந்த மாதம் என்று இன்னும் சொல்லவில்லை.