ரேடியோவில் அரைப்பேரு

என் பாசமான மச்சான் சிவலிங்கம், பஸ் ஏறினால் பாஷை மாறும் பெரிய மனுசா,

அங்கேயும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு உண்டா? இருந்தால் நீ பிந்தித்தான் போவாய், எனக்குத் தெரியாதா? "செத்தவனையும் விடமாட்டீங்களா"ன்னு உன் அக்கா என்னைத் திட்டுகிறாள். உன்னை விட்டால் கேலி பண்ண எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்லு?

நீ போகும்போது உன் மகள் தர்ஷினிக்கு ஏ.எல். ரிசல்ட்டுகூட வரவில்லை. இப்போது கேம்பஸில் மூன்றாம் வருஷம். படிப்பது பௌதிகவியல். அது என் வாயில் நுழையாததால் லயத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களிடம் 'பூதவியல்' என்று சொல்லிவைத்தேன். மேல் லயத்து மாரியாயி எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள், பேரனுக்கு மந்திரிக்கணுமாம். லீவில் வந்திருந்த பிள்ளை என்னை ஒரு முறை முறைத்தாள். அப்படியே நீதான்.

முதல் வருஷம் பாடமெல்லாம் இங்கிலீஷில். கணக்குப் பேப்பர் ஒன்று காலை வாரிவிட்டது. திரும்ப எழுதிப் பாஸானாள். இப்போது ஆராய்ச்சி. நம் தேயிலை மலை மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். அதிலிருந்து தானாகவே கதிர் வருமாம், அது எவ்வளவு என்று மெஷினில் அளக்கிறாள். பயப்படாதே, எல்லா ஊர் மண்ணிலும் கொஞ்சம் இருக்குமாம்.

அந்தக் கேம்பஸில் பிள்ளைகளே நடத்தும் ரேடியோ ஒன்று இருக்கிறது. அதில் தமிழ் நேரத்தில் விஞ்ஞானம் பேச உன் மகளுக்கு ரொம்ப ஆசை. அதை நடத்தும் சீனியர் பிள்ளை, குரல் நல்லது, பேச்சுத்தான் தோட்டத்துப் பேச்சு, எழுதிக் கொடுப்பதை வாசித்தால் மைக், இல்லாவிட்டால் சுவிட்சு போடுற வேலை என்று சொல்லிவிட்டாளாம். தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா இருந்தா பேச்ச மாத்திக்கன்னுதான் சொல்லுவாரு, என்னா மாமா?"

"ஒங்கப்பன் ஹட்டன் கடையில பருப்பு வாங்கவே நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுவான். கடைக்காரன் எந்தத் தோட்டம்னு கேட்டதும் முழிப்பான். ஒனக்கு எப்படிப் பேசினா மூச்சு முட்டாதோ அப்படிப் பேசு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் நிகழ்ச்சி. அந்த ரேடியோவைப் போனில் கேட்கத் தண்ணித் தாங்கிப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். நான், உன் அக்கா, உன் வீட்டுக்காரி மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. உன் வீட்டுக்காரி புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் 'அரைவாழ்வுக் காலம்' என்று ஒன்று வந்தது. தர்ஷினி சட்டென்று வாசிப்பதை நிறுத்திவிட்டாள். லைன் போய்விட்டதென்று நான் போனைத் தட்டினேன்.

"இத எங்க தோட்டத்துப் பேச்சுல சொன்னாத்தான் எனக்கே வெளங்குது," என்றாள். "கொழுந்து எடை கொறஞ்சா எங்கம்மாவுக்கு அரைப்பேருதான் போடுவாங்க, பாதி நாள் சம்பளம். இந்தக் கதிரும் அப்படித்தான். ஒரு அளவு காலம் போனா அரைப்பேரு. அதே அளவு இன்னொருக்கா போனா அந்த அரையிலயும் அரை. கொறைஞ்சிக்கிட்டே போகும், ஆனா லேசுல இல்லாமப் போகாது."

"என்னையவா ரேடியோவுல சொல்றா?" என்றாள் உன் வீட்டுக்காரி. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு பிள்ளை ரேடியோவுக்குப் போன் எடுத்தாள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமாம், அதே கேம்பஸ்.

"இங்க எல்லார்கிட்டயும் ஊரு நுவரெலியான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அக்கா, எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்குறாங்க."

அந்தச் சீனியர் பிள்ளையே வந்து, இனி நீ எழுதி நீயே பேசு என்று நிகழ்ச்சியை உன் மகளிடம் கொடுத்துவிட்டாளாம்.

கோபமா மச்சான்? நீ எதற்குப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை யாரும் ஒரு படி கீழே வைத்துப் பார்த்துவிடக் கூடாது, அதுதானே? யாரும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என்னையும் ரேடியோவுக்குக் கூப்பிடுகிறாள். கோணல் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமாம், அதற்கு என்னைவிட யார்? போகிறேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: எந்த ஊர் என்று அங்கே கேட்டால், தோட்டத்துப் பேர், லயத்து நம்பர், அவள் சிவலிங்கம் மகள் என்பது, எல்லாவற்றையும் உரக்கச் சொல்வேன். வெட்கமாக இருந்தால் நீ காதைப் பொத்திக்கொள்.

உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு இன்னும் உன்னோடு மல்லுக்கட்டும்
மச்சான் பெரியசாமி