உன் பெயரோடு ஒட்டிய சொல்

அன்புத் தங்கைக்கு,

இன்று காலை கிரிவலப் பாதையில் ஈரப்புடவையோடு ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். மஞ்சள் கரைந்த நீரின் வாடை. பின்னால் அவள் மாமியார், காய்ந்த புடவையில். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய்.

எழுபதுகளின் இறுதியில், எனக்குப் பிள்ளை பிறக்கவில்லையென்று நம் மாமியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன்னை என் கணவருக்கு இளையாளாக அழைத்து வந்தார். முதல் வாரம் உன் முகத்தை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னர் உன்னையன்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லையென்றாயிற்று. பௌர்ணமிதோறும் பிள்ளைவரம் வேண்டிக் குளத்தில் மூழ்கி, ஈரம் சொட்ட மலையை வலம்வந்தோம். நான் பதிகம் பாடியபடி முன்னே செல்ல, "மெதுவா பாடுங்கக்கா, சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்பாய் பின்னே.

உன் வயிறும் திறக்கவில்லை. உன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் வேலூரில் ஒரு பெண் மருத்துவர், நம்மிருவரிடமும் குறை காணாமல், அவரைச் சோதிக்க வேண்டும் என்றார்.

"எனக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

"இவங்க ரெண்டு பேருக்கும் பாத்தாச்சு. பாக்கி நீங்கதான்."

சோதனையில் அவருடைய விந்தணுக்கள் போதிய அளவு இருந்தன, உயிரோடும் இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. "வால் துடிச்சாத்தாங்க அது முட்டைகிட்ட போகும். அந்த வாலைத் துடிக்க வைக்கிறது சில புரதங்க. இவருக்கு அது பிறவியிலேயே சரியா அமையலன்னு நினைக்கிறேன். உறுதியா பாக்க இங்க வசதி கம்மி. மருந்தும் இல்லைங்க" என்றார் மருத்துவர். அவனன்றி ஓரணுவும் அசையாது என்று அன்றாடம் சொல்லித் தொழுபவள் நான். அந்த அறையில் அவ்வாக்கு எனக்கு ஆறுதல் தரவில்லை.

திரும்பும் பேருந்தில் அவர் முன்னிருக்கையில் தலை கவிழ்ந்திருந்தார். நீ என் காதருகே குனிந்தாய்: "நாம இத்தினி சுத்து சுத்துனோம். அதுங்க ஒரு எட்டு வெக்கலியேக்கா." இருவரும் சிரித்தோம். பிறகு முந்தானையைக் கடித்துக்கொண்டு நீ அழுதாய்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "யாருக்குக் குறையாம்?"

நம் கணவர் செருப்பைக் கழற்றுவதில் நெடுநேரம் முனைந்திருந்தார். நான் வாய் திறக்குமுன் நீ, "எங்களுக்குத்தாங்க அத்தை" என்றாய்.

"இன்னொருத்தி வேணாம்மா. இத்தோட விட்டுடு" என்றார் அவர். அவர் செய்த நன்மை அவ்வளவே.

உண்மையை யாரிடமும் சொல்வதில்லையென்று அடுக்களையில் என்னிடம் வாக்கு வாங்கினாய். "ஊரு சிரிச்சா அவரு தாங்கமாட்டாருக்கா. நம்மள சொல்றது அவங்களுக்கும் பழகிடுச்சு, நமக்கும் பழகிடுச்சு."

எனக்குப் பழகியது, உனக்குப் பழகவில்லை. தெருவில் வளைகாப்பு நடந்த நாட்களில் நீ கொல்லைக் கதவையும் சாத்திவிட்டு உள்ளே இருந்தாய்.

அப்புரதங்களுக்கு இப்போது தனித்தனிப் பெயர்கள் உண்டாம். வாலை இயக்குபவை, முட்டையை இனங்கண்டு பற்றுபவை என்று பகுத்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். பாடையில் உன்னைக் கிடத்தியபோது, கொள்ளி வைப்பது யாரென்று கேட்டவர்களுக்கு, "மலடிக்கு யாரு இருக்கா" என்று ஒரு குரல் விடை சொன்னது. நம் கணவர் உனக்கு முன்னமே இறந்துவிட்டார். ஊர் சிரித்தாலும் இனி நோவதற்கு அவர் இல்லை. ஆயினும் கொடுத்த வாக்கு என் நாவைக் கட்டியது. எழுதத்தான் முடிகிறது.

பிள்ளையில்லாத ஓர் அரசனுக்கு, நம் அண்ணாமலையாரே மகனாக நின்று ஆண்டுதோறும் மாசி மகத்தில் ஆற்றங்கரையில் திதி கொடுக்கிறார். இவ்வாண்டு அங்கே போயிருந்தேன். எள்ளும் நீரும் இறைத்தபோது, கூட்டத்தில் நின்றபடி உன் பெயரையும் சொன்னேன். அந்தச் சொல் ஒட்டாமல், பெயரை மட்டும்.