இறந்தவர் எனப் பூட்டப்பட்ட என் இணையக் கணக்கைத் திறந்துதர வேண்டி

அனுப்புநர்:
குமரப்பன் த/பெ சிதம்பரம் (வயது 39),
எண் 17, ஜாலான் கெனாங்கா 4,
தாமான் ஸ்ரீ கெனாங்கா, தெப்ராவ்,
ஜொகூர் பாரு.

பெறுநர்:
மாநில இயக்குநர் அவர்கள்,
இணையச் சேவைப் பயனீட்டாளர் புகார்ப் பிரிவு,
ஜொகூர் பாரு.

பொருள்: உயிருடன் இருக்கும் என்னை இறந்தவராகப் பதிவு செய்து, என் கணக்கையும் அதன் கீழ் உள்ள என் மகளின் சர்க்கரை அளவுக் கண்காணிப்பையும் இணைய நிறுவனம் ஒன்று பூட்டியது – வரும் செப்டம்பர் 30-க்குள் தலையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இம்மனுவை எழுதும் நான் உயிருடன் இருக்கிறேன். இந்த ஒரு மாதத்தில் எந்தக் கடிதம் எழுதினாலும் முதல் வரியாக இதையே எழுதிப் பழகிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்.

தங்கள் அலுவலகத்தின் புகார்ப் படிவத்தை நிரப்பவே வந்தேன். முகப்பில் இருந்த திரு. மூர்த்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க கதைக்கு இதுல பெட்டியே இல்லை லா. லெட்டரா எழுதிக் கொடுங்க. மேடம் தமிழ் நல்லா படிப்பாங்க. மலாய்ல சுருக்கமா ஒண்ணு பின்னால கோத்துடுங்க" என்றார். அவ்வாறே செய்திருக்கிறேன். மனு சற்று நீண்டுவிட்டது.

1. நான் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பாளராக வேலை செய்கிறேன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருபவன். என் மனைவி விசாலி தெப்ராவில் மின்னணுத் தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே கைப்பேசியை வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். எங்கள் ஒரே மகள் நாச்சியம்மைக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். அவள் கையில் ஒட்டியிருக்கும் சிறு உணரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவள் பள்ளிப் பையிலுள்ள கைப்பேசிக்கு அனுப்பும். அது அங்கிருந்து என் கைப்பேசிக்கு வரும். அளவு 3.9-க்குக் கீழே இறங்கினால் என் சட்டைப்பையில் மணி அடிக்கும். உடனே நான் பள்ளிக்கு அழைப்பேன். வகுப்பாசிரியை திருமதி பிரேமலா அவளுக்கு இனிப்புப் பானம் கொடுப்பார். நான்கு ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. இந்த ஏற்பாடு முழுவதும், இணைப்பு 2-இல் பெயர் குறிப்பிட்டுள்ள இணைய நிறுவனத்தில் (இனி 'நிறுவனம்') எனக்கு இருக்கும் ஒரே கணக்கின் கீழ் நடந்து வந்தது.

மின்னஞ்சல், படங்கள், வேலை அட்டவணை, மகளின் உடல்நிலை எல்லாவற்றையும் ஒரே கதவுக்குள் வைத்தது புத்திசாலித்தனமா என்று தாங்கள் கேட்கலாம். அன்றைக்கு வசதியாக இருந்தது. ஒரே கடவுச்சொல், ஒரே தொல்லை என்று நானே மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்திருக்கிறேன். இன்று அந்த வாயை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

2. அடுத்து, பெயர் விஷயம். நாங்கள் செட்டிநாட்டுப் பூர்வீகக் குடும்பம். தகப்பனாரைப் பெற்றவரின் பெயரை மூத்த மகனுக்கு இடுவது எங்கள் வழக்கம். என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மூவாரில் வாழ்ந்த குமரப்பன். அவருடைய தந்தை சிதம்பரம். எனவே ஐயா தம் மூத்த மகனுக்குச் சிதம்பரம் என்று பெயர் வைத்தார். அந்தச் சிதம்பரத்தின் மூத்த மகனான நான் குமரப்பன் ஆனேன். ஆக ஐயாவும் 'குமரப்பன் த/பெ சிதம்பரம்', நானும் 'குமரப்பன் த/பெ சிதம்பரம்'. எங்கள் வீட்டில் இதனால் யாரும் குழம்பியதில்லை. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் என் தாயார் என்னை 'ராசு' என்றுதான் கூப்பிடுவார். அடையாள அட்டை எண்ணும் வேறு வேறு. ஐயாவுடையது 36 என்று தொடங்கும், என்னுடையது 86 என்று தொடங்கும்.

3. இந்தப் பத்தியில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். மறைத்து எழுதினால் பிறகு அதுவே எனக்கு எதிராக வரும் என்று பயமாக இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐயாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தபோது, அவருக்கும் அதே நிறுவனத்தில் நான்தான் கணக்குத் திறந்தேன். பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கத் திரையை விரலால் தள்ளித் தள்ளி 1936 வரை போக வேண்டியிருந்தது. ஐயாவோ பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சா, ஆச்சா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் பிறந்த தேதியையே போட்டுவிட்டேன். கடவுச்சொல்லை மறந்தால் உதவும் எண் என்ற இடத்திலும் என் எண்ணைக் கொடுத்தேன்.

4. கடந்த ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஐயா தமது 89-ஆவது வயதில் மூவாரில் காலமானார். காரியம் முடிந்த பிறகும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதாக உறவினர்கள் சொன்னார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. வீட்டில் இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், 'காலமானவரின் கணக்கை மூடுதல்' என்ற படிவத்தை ஆகஸ்ட் 24-இல் நிரப்பி, இறப்புச் சான்றிதழையும் இணைத்து அனுப்பினேன். படிவம் கேட்டது பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகிய மூன்று மட்டுமே. மூன்றும் எனக்கும் பொருந்தின. ஐயா கணக்கின் பச்சைப் புள்ளி இன்றும் எரிகிறது.

5. ஆகஸ்ட் 31, தேசிய தினத்தன்று காலை பசியாறிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி தானாகவே என் கணக்கிலிருந்து வெளியேறியது. அதே நேரத்தில் விசாலியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். அவர் அதை வாசித்துவிட்டு எதிரில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலில் இருவரும் சிரித்தோம். அதற்குள் என் பெயருக்கு மேலே 'நினைவில் வாழ்பவர்' என்ற வாசகத்தை நிறுவனம் போட்டு எல்லாருக்கும் அறிவித்திருக்கிறது. யோங் பெங்கிலிருந்து செல்லம் அத்தை விசாலியை அழைத்தார். நான் எடுத்து "ஹலோ" என்றதும் துண்டித்துவிட்டார். பிறகு மறுபடி அழைத்து, "டேய் ராசு, நீதானாடா? கோயில்ல மோட்ச விளக்கு ஏத்தச் சொல்லிட்டேனே, அலமாக், இப்ப நான் என்னடா பண்றது?" என்று அழுதார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

6. மகளின் கைப்பேசியும் என் கணக்கின் கீழ் இருப்பதால் அன்றே பூட்டிக்கொண்டது. உணரி அவள் கையில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்கத்தான் யாரும் இல்லை. நான் எடுத்த முயற்சிகள் வருமாறு:

(அ) நிறுவனத்தின் உதவிப் பகுதிக்கு இருபத்திரண்டு முறை எழுதினேன். ஒருமுறைகூட மனிதர் யாரும் பதில் எழுதியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பதிலும் என் இழப்புக்கு வருந்தித்தான் தொடங்குகிறது. இழந்தது யார், இழக்கப்பட்டது யார் என்று ஒருமுறை கேட்டு எழுதினேன். அதற்கும் வருந்தினார்கள்.

(ஆ) புதுக் கணக்குத் திறக்க முயன்றேன். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். காலமான பயனர் ஒருவரின் முகத்தைப் பயன்படுத்த முயன்றதாகச் சொல்லித் தடுத்துவிட்டது.

(இ) மகளை விசாலியின் கணக்குக்கு மாற்றி, அவர் கைப்பேசியை நான் வேலைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை மாற்ற, இப்போதைய பாதுகாவலர் உள்ளே நுழைந்து சம்மதிக்க வேண்டுமாம். அந்தப் பாதுகாவலர் நான்.

(ஈ) நிறுவனத்துக்கு நம் நாட்டில் அலுவலகம் உண்டா என்று தேடினேன். கோலாலம்பூர் முகவரி ஒன்று கிடைத்தது. பதிவுத் தபால் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது (இணைப்பு 3).

கிடங்கில் ஒரே பெயருள்ள இரண்டு பெட்டிகள் வந்தால், எண்ணைப் பார்க்காமல் நான் எதையும் தொட மாட்டேன். தவறான பெட்டியை அகற்றினால் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். நான் அனுப்பிய இறப்புச் சான்றிதழில் அடையாள அட்டை எண் தெளிவாக இருக்கிறது. உலகம் முழுவதும் கிளை பரப்பிய நிறுவனத்தில் அதை ஒருவர் ஒரு தடவை வாசித்திருந்தால் போதும்.

7. செப்டம்பர் 9-ஆம் தேதி நடந்ததைச் சொல்லவே இம்மனு. அன்று நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். சட்டைப்பையில் மணி அடிக்காது என்று தெரியும். ஆனாலும் கை அடிக்கடி அங்கே போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணி வாக்கில் கணக்குப் பாடத்தின்போது மகள் மேசையில் தலை சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று பக்கத்துப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். ஆசிரியை தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, விரலில் குத்திப் பார்த்தபோது அளவு 2.6. பானத்தைக் கொடுத்து, அவள் கண் விழித்துப் பேசிய பிறகு எனக்கு அழைத்தார். "சார், நாச்சி ஓகே, பயப்படாதீங்க. எப்பவும் நீங்கதான் முதல்ல கூப்பிடுவீங்க. கூப்பிடலையே, அதனால நல்லாதான் இருக்கான்னு நானும் நினைச்சிட்டேன் சார்" என்றார்.

அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான்கு ஆண்டுகளாக என் அழைப்பை நம்பிப் பழகியவர். என் மௌனத்தையும் அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். அன்று வீடு திரும்பும் வழியில், பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்றபடி மறுபடியும் பள்ளிக்கு அழைத்தேன்.

8. அன்று முதல் விடுப்பு எடுத்திருக்கிறேன். பள்ளி நடக்கும் நாட்களில் எதிரிலுள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போய் அவள் விரலில் குத்திப் பார்க்கிறேன். எந்த விரல் என்று அவளே தேர்ந்தெடுத்து நீட்டுகிறாள். இப்போது எல்லா விரலிலும் புள்ளிகள். என் விடுப்பு செப்டம்பர் 26-இல் முடிகிறது. மகளின் கைப்பேசித் திரையில், உன் பாதுகாவலர் இப்போது இல்லை, பெரியவர் ஒருவரிடம் சொல் என்ற வாசகம் வருகிறது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "அப்பா, பெரியவர் ஒருத்தர்னா அம்மாவா?" என்று கேட்டாள்.

இன்னொரு பயத்தையும் எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு வைத்திருப்பது என் தாயாரின் பெயர். தாயாருக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்கும் அதே நிறுவனத்தில்தான் கணக்கு. தாயார் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஆனால் இதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

9. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முப்பது நாள் முடிகிறது. அதன் பின் என் கணக்கும் அதிலுள்ள மகளின் நான்கு ஆண்டு அளவுகளும் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த அளவுகளைப் பார்த்துத்தான் மருத்துவர் இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிறார். நிறுவனம் காட்டும் ஒரே வழி 'வாரிசுப் படிவம்'. தம் கணவர் இறந்துவிட்டார் என்று விசாலி எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டால், மூன்று நாளில் மகளை அவர் பெயருக்கு மாற்றித் தருவார்களாம்.

அது பொய்ச் சத்தியம், குற்றம் என்பது எங்களுக்குத் தெரியும். முதலில் விசாலி, "உயிரோட எதிர்ல உட்கார்ந்திருக்கிற மனுஷனை செத்துட்டார்னு எழுத என் கை போகாது" என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் 9-க்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. 26-ஆம் தேதி காலை ஆணையரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார். நானும் தடுக்கவில்லை.

10. எனவே தாங்கள்,

(அ) அடையாள அட்டை எண்களை ஒப்பிட்டு, நான் உயிருடன் இருக்கிறேன் என்று அரசு முத்திரையோடு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நேரில் வரச் சொன்னால் அன்றே வருகிறேன்.

(ஆ) செப்டம்பர் 30-இல் எதையும் அழிக்காதபடி நிறுத்திவைக்க வேண்டும்.

(இ) இவற்றுக்கு நாளாகும் என்றால், மகளின் அளவுகளை மட்டுமாவது முதலில் திறந்துவிடச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏட்டில் நான் இன்னும் சில காலம் இறந்தவனாகவே இருந்தாலும் பரவாயில்லை.

வாரிசுப் படிவத்தின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். சாட்சியாகவோ எங்கள்மேல் குற்றமாகவோ, தாங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி. விசாலி அதை நேற்று மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினார். பெயர், முகவரி, 'இறந்தவருக்கு உறவு: மனைவி' வரை கை நிற்கவில்லை. இறந்த தேதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, எந்தத் தேதி போடட்டும் என்று என்னிடம் கேட்டார். அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அது நிரம்புவதற்கு முன் தங்கள் பதில் வர வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,

(கையொப்பம்)
குமரப்பன் த/பெ சிதம்பரம்

இடம்: தெப்ராவ்
நாள்: 23 செப்டம்பர் 2025

இணைப்புகள்:
1. அடையாள அட்டை நகல்
2. நிறுவனத்தின் பெயரும் அதனுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும்
3. திரும்பி வந்த பதிவுத் தபால் உறை
4. ஐயாவின் இறப்புச் சான்றிதழ் நகல் (அடையாள அட்டை எண் அடிக்கோடிடப்பட்டுள்ளது)
5. மருத்துவரின் கடிதமும் ஆசிரியை திருமதி பிரேமலாவின் கடிதமும்
6. வாரிசுப் படிவ நகல் (இறந்த தேதி இடப்படாதது; கையொப்பம் ஆணையர் முன்னிலையில் இட வேண்டியது)
7. மலாய் மொழிச் சுருக்கம்