கூட்டத்துக்கு முன்பே எழுதிய தீர்மானம்

ஞாயிறு, இரவு பத்தரை மணி.

இன்று எங்கள் ஊர்க் குடிநீர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு. பெண் உறுப்பினர்கள் யாரும் கூட்டத்துக்குப் போவதில்லை. தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டுவிடுவோம். காலையில் பம்ப் ஆபரேட்டர் முருகையா அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சட்டுன்னு போடு ஆத்தா, இன்னும் பத்து வீடு இருக்கு."

இன்றைக்கு ஏனோ படித்துப் பார்த்தேன். தண்ணீர் பழையபடி பகல் பதினொரு மணிக்கே விடப்படும் என்று 'ஏகமனதாக' முடிவாகியிருந்தது. கூட்டமே மூன்று மணிக்குத்தான்! பதினொரு மணிக்கு நாங்களெல்லாம் கடலைக் கொல்லையில் நிற்போம். குடத்தை யார் பிடிப்பது?

"நோட்ட நானே கொண்டாறேன் அண்ணே" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குள் பதினாறு பெண்களாக நுழைந்தோம். நோட்டு இல்லாததால் கூட்டம் தொடங்கவே இல்லை.

"பொம்பளைங்க அங்கிட்டு உக்காருங்க, பேசி முடிச்சுட்டுக் கூப்புடுறோம்" என்றார் தலைவர்.

"நாங்களும் உறுப்பினருதாங்க. ஆளுக்கு ஒரு ஓட்டு இருக்குங்க" என்றேன். என் குரலா அது?

தண்ணீரைக் காலை ஆறு மணிக்கு விட வேண்டும் என்று கேட்டோம்; அதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். தலைவரின் மனைவியும் எங்களோடு தூக்கினாள்! காலை ஆறு மணி ஜெயித்துவிட்டது. செயலாளர் பழைய தீர்மானத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினார்.

எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.